தங்கப்பாண்டி திருப்பி எடுத்த சீர்

விசேஷ வீட்டில் வந்து கரண்ட்டைப் பற்றிப் பேசுகிற ஆளை யாருக்கும் பிடிக்காது. பசுமலையில் பிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிற தங்கப்பாண்டி அப்படிப்பட்ட ஆள். கல்யாணமோ காதுகுத்தோ, இலையில் உட்காருவதற்கு முன்னால் அந்த வீட்டுச் சுவிட்ச் போர்டை ஒரு பார்வை பார்த்துவிடுவார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் அவருக்கு டெஸ்டர் இருக்கும். "அண்ணே, எர்த் போட்டிருக்கீகளா?" என்று வீட்டுக்காரரைக் கேட்பார். வீட்டுக்காரர் பாயசம் பத்துமா பத்தாதா என்ற கவலையில் நிற்பார். இவருக்குப் பதில் சொல்ல அவருக்கு ஏது நேரம்?

எர்த் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மிஷினுக்குள் எங்காவது கரண்ட் கசிந்தால், அது தொடுகிற ஆள் மேல் பாயாமல் மண்ணுக்குள் போக ஒரு வழி, அவ்வளவுதான். வீட்டோரம் குழி வெட்டி, குழாய் இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடி, அதிலிருந்து ஒரு கம்பியை வீட்டுக்குள் கொண்டு போக வேண்டும். கோடையில் குழி காயாமல் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுச் செய்தவர்கள் கொஞ்சம் பேர். "அடுத்த மாசம் பண்ணிருவோம்ணே" என்று சொல்லிவிட்டு மறந்தவர்கள் நிறையப் பேர். நம் ஆட்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற டைல்ஸுக்குச் செலவழிக்கத் தெரியும், மண்ணுக்குள் புதைகிற கம்பிக்குச் செலவழிக்கச் சொன்னால் வயிறு எரியும். பழக்கப்பட்டவர்கள் அவருக்கு 'எர்த்து மாமா' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டார்.

அவருக்கு ஒரே தங்கச்சி, தாமரைச்செல்வி. விளாங்குடியில் பேயாண்டிக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. பேயாண்டி வயலை பிளாட் போட்டு விற்றுவிட்டு, இப்போது ஊரார் வயலுக்குப் புரோக்கராகத் திரிகிறவன். நல்ல மனுஷன்தான், நாலு பேர் முன்னால் நிற்காத வரைக்கும். நாலு பேர் கூடிவிட்டால் அவன் மீசை தனியாகவும் அவன் தனியாகவும் பேசும்.

அவர்கள் மகள் பவதாரிணி வயசுக்கு வந்தாள். சித்திரையில் சடங்கு என்று நாள் குறித்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். என்ன வேண்டும் என்று தங்கப்பாண்டி கேட்டதற்குத் தாமரைச்செல்வி அடுப்படிக்குள் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னாள்.

"பீரோ கட்டிலெல்லாம் வேணாம்ணே. ஒரு ஐஸ் மிஷின் வாங்கிக் குடு. வாசல்ல நன்னாரி சர்பத்து, ரோஸ் மில்க்குன்னு ஒரு கடை போட்டு உக்காந்துக்கிறேன். ஒரு ரிப்பன் வாங்கக்கூட இவரு கையப் பாத்துக்கிட்டு நிக்க முடியலண்ணே."

தங்கப்பாண்டிக்கு மனசு நிறைந்துபோனது. தங்கச்சி கேட்டதும் அவர் தொழிலுக்குள்ளேயே இருந்தது. எந்த மாமன் ஐஸ் மிஷின் சீர் கொடுத்தான்? இடுப்பளவு உயரத்தில், மேலே மூடி வைத்த ஸ்டீல் மிஷினாகத் தேடிப் பிடித்தார். சடங்குக்கு முந்தின வாரமே விளாங்குடிக்குப் போய் வாசலை ஒட்டிய அறையில் இடம் பார்த்தார். ரசமட்டம் வைத்துத் தரை சமமா என்று பார்த்தார். பின்பக்கம் சூடு வெளியேறச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கோடு போட்டார். விளாங்குடி போர் தண்ணீர் உப்பு என்பதால் குழாயில் பில்டர் மாட்டினார். உருகுகிற தண்ணீர் தரையில் நிற்காமல் சாக்கடைக்கு ஓடச் சரிவாகக் குழாய் இழுத்தார். எல்லாம் அருமையாக அமைந்தது. கடைசியாக எர்த்தைச் சோதித்தார். போர்டில் பச்சை வயர் இருந்தது. அந்த வயருக்கு உயிர் இல்லை. சடங்குக்காக வாசல் முழுக்கப் புது டைல்ஸ் பதித்தபோது எர்த் குழியை மூடி, கம்பியையும் வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"மாப்ள, ஒரே ஒரு டைல்ஸை மட்டும் பேத்துக்கிறேன். பழைய குழியை எடுத்துவிட்டா போதும்" என்றார்.

"சடங்கு வீட்ல கடப்பாரைய போடுவீகளா மச்சான்? விசேசம் முடியட்டும். குழி என்ன, கெணறே வெட்டிக்கங்க."

"சரி. அதுவரைக்கும் மிஷினை இறக்கி வச்சதோட நிக்கணும். பிளக்கைச் சொருகவே கூடாது. நானே வந்து மாட்டித் தாரேன்."

"நீங்க சொல்லி நான் மீறுவனா மச்சான்" என்றான் பேயாண்டி. அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. ஆகவே உண்மையாகத்தான் சொல்லியிருப்பான்.

சடங்கன்று காலையில் பசுமலையிலிருந்து சீர் கிளம்பியது. பழத்தட்டு, பட்டுச்சேலை, வெள்ளிக் கொலுசு எல்லாம் பின்னால் வேனில் வந்தன. முன்னால் குட்டியானை வண்டியில் ஐஸ் மிஷின் மட்டும் சாமி மாதிரி தனியாக நின்றுகொண்டு வந்தது. தங்கப்பாண்டியின் மனைவி சுபலட்சுமி விடிவதற்குள் மாட்டுத்தாவணிக்குப் போய், ஆள் உயர சம்பங்கி மாலை வாங்கி வந்திருந்தாள். அதை மிஷினுக்குப் போட்டார்கள். சித்திரை வெயிலில் மாலை வாடிவிடக்கூடாது என்று, வண்டியில் ஏறியிருந்த பெரியம்மா ஒருத்தி வழி நெடுகச் செம்பிலிருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாள். பழங்காநத்தத்தில் ஒருமுறை, காளவாசலில் ஒருமுறை, தங்கப்பாண்டி வண்டியை நிறுத்தி மாலையைக் கழற்றினார்.

"தண்ணி உள்ள எறங்கும்த்தா. கரண்டு சாமான்."

"போடா கூறுகெட்டவனே. மாலையில்லாம கொண்டுபோனா எழவு வீட்டுக்குப் பெட்டி கொண்டுபோற மாதிரி இருக்கும்" என்று பெரியம்மா மறுபடி போட்டாள். மேளக்காரர்களும் கொட்டி முழக்கி அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். தன் வீட்டுப் பெண்களிடமே சொல்லி ஜெயிக்க முடியாதவர் வேறு யாரிடம் ஜெயிப்பார்!

விளாங்குடியில் தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. தங்கப்பாண்டிக்குத் தலையில் உருமா கட்டிச் சபையில் உட்கார வைத்தார்கள். உருமா கட்டிவிட்டால் சடங்கு முடியும் வரை தாய்மாமன் எழுந்திருக்கக் கூடாது. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து அறையில் பேயாண்டியின் குரல் உயர்ந்து கேட்டது. அங்கே பத்துப் பதினைந்து பேர் கூடியிருக்க வேண்டும்.

"பந்தியில மொத சர்பத்துக்கே நம்ம மிஷின் ஐஸ்தான்!"

தங்கப்பாண்டி உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தினார். "மாப்ள! வேணாம் மாப்ள!" மைக்செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தவரைத் தோளைப் பிடித்து அமுக்கினார்கள். அதற்குள் டப்பென்று பாட்டு நின்றது, விசிறி நின்றது. கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை அறுத்துவிடுகிற டிரிப் சுவிட்ச் ஒன்றை அவர்தான் முன்பு ஒரு பொங்கலுக்கு அந்த வீட்டில் மாட்டிக் கொடுத்திருந்தார். அது விழுந்துவிட்டது. தூக்கிவிட்டார்கள், மறுபடி விழுந்தது. தன் தங்கச்சி வீட்டில் தன் பேச்சைக் கேட்டது அந்தச் சுவிட்ச் ஒன்றுதான் என்று தங்கப்பாண்டிக்கு அந்த நேரத்திலும் தோன்றியது.

மைக்செட்காரன் கெட்டிக்காரன். டிரிப் சுவிட்சைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நேர் லைன் கொடுத்தான். பாட்டு வந்தது, விசிறி சுற்றியது, மிஷின் உறுமியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

உருமா அவிழ்ந்ததும் தங்கப்பாண்டி போய்ப் பிளக்கை உருவி வைத்தார். மறுநாள் காலையில் மாட்டிப் பார்த்து, மிஷினின் ஸ்டீல் விளிம்பில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது. மாலைக்குத் தெளித்த தண்ணீர் பின்பக்கச் சல்லடை வழியாக இறங்கி, நனைந்த வயரில் கரண்ட் பாய்ந்து, கம்ப்ரசர் பக்கம் கருகியிருந்தது. அங்கே வைத்துச் சரி செய்கிற பழுது இல்லை.

"மாப்ள, இதை எடுத்துட்டுப் போயிட்டு வேற புதுசு கொண்டாந்து வைக்கிறேன். அதுக்குள்ள குழியையும் தோண்டிருவோம்."

பேயாண்டியின் பங்காளிகள் இரண்டு பேர் திண்டில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அது போதாதா?

"ஊரு பாக்க மேளத்தோட வந்த சீரு, ஊரு பாக்கத் திரும்பிப் போறதா? அப்ப ஓட்ட மிஷினைத்தான் கொண்டாந்தேன்னு ஒத்துக்கிறீகளா மச்சான்?"

"ஓட்ட மிஷின் இல்ல மாப்ள, தண்ணி பட்டு..."

"எங்க வீட்டுத் தண்ணி படலயே. உங்க வீட்டு மாலைதான பட்டுச்சு?"

அந்தப் பக்கத்தில் சீரைத் திருப்பி எடுத்தால் உறவை அறுத்துக்கொண்டதாக அர்த்தம். தாமரைச்செல்வி கதவோரம் நின்று, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். தங்கப்பாண்டி மிஷினின் பிளக்கை வெட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "பேசி முடிவு பண்ணுவோம். அதுவரை இது சும்மா நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார். பிளக்கை வெட்டினால் ஆபத்து தீர்ந்தது என்று நினைத்தார். நம் ஊர் மூளையை அவரே குறைத்து எடை போட்டுவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் கூடல் நகரில் ஒரு ஏசி வேலைக்குப் போனவர், திரும்புகிற வழியில் விளாங்குடிக்கு வண்டியைத் திருப்பினார். வாசலில் புதுப் பந்தல் போட்டு, பாட்டில் பாட்டிலாகச் சர்பத் அடுக்கியிருந்தது. நல்ல கூட்டம். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டிய வயரின் முனைகளைச் சீவி, சுவிட்ச் போர்டு ஓட்டைகளுக்குள் விட்டு, விழாமல் இருக்கத் தீக்குச்சிகளைச் சொருகியிருந்தார்கள். ஐஸ் சிந்தித் தரையெல்லாம் ஈரம். ஒரு சாக்கைப் போட்டு அதன் மேல் பவதாரிணி வெறுங்காலோடு நின்று, மூடியைத் திறந்து ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தாள். மாமனைப் பார்த்ததும் சிரித்தாள்.

"மாமா, இந்த மிஷினைத் தொட்டாலே கை விறுவிறுங்குது."

தங்கப்பாண்டி செருப்போடு உள்ளே வந்தார். "எப்ப இருந்துடா?"

"மொதல்ல இருந்தே. அம்மா சொல்லுச்சு, இம்புட்டு ஐஸ் அள்ளுனா குளுருக்கு அப்பிடித்தான் இருக்குமாம். எனக்குப் பழகிருச்சு."

குளிர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அவ்வளவு ஐஸைக் கண்டிராதவர்களுக்கு, ஐஸின் விறைப்பு எது, கரண்ட்டின் விறுவிறுப்பு எது என்று எப்படித் தெரியும்? சாக்கு முழுக்க நனைகிற வரைதான் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு. சாக்கில் பாதி ஏற்கெனவே நனைந்திருந்தது.

அவர் பாய்ந்து மெயினை அணைத்தார். தீக்குச்சிகளைப் பிடுங்கி வயரை உருவினார். பிறகு குட்டியானைக்காரருக்குப் போன் போட்டார். பேயாண்டி அப்போது வீட்டில் இல்லை. சர்பத் கலக்கிக்கொண்டிருந்த தாமரைச்செல்வி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னண்ணே பண்ற?"

"எடுத்துட்டுப் போறேன் தாயி."

"சீரையா?"

"இது சீரு இல்ல ஆத்தா. எமன். இங்க பாரு." வயரைச் சொருகி, மெயினை ஒரு நிமிஷம் போட்டு, விளிம்பில் டெஸ்டரை வைத்துக் காட்டினார். டெஸ்டர் சிவப்பாக எரிந்தது. தாமரைச்செல்வி அதைப் பார்க்கவில்லை. வாசலில் கூடிவிட்ட தெருச் சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு வரட்டும்ணே. அவருகிட்டப் பேசிக்க."

"அவரு வார வரைக்கும் இது இங்க நிக்கக் கூடாது."

"நான் இந்த வீட்ல தலை நிமிந்து இருக்கிறது உனக்குப் பிடிக்கலையா? இப்பத்தான் நாலு பேரு என்னையும் ஒரு ஆளா மதிச்சு வாராக. மதினி ஏதும் சொல்லுச்சா? குடுத்த சீரை வாசல் வழியா எடுத்தா அத்துவிட்டதா அர்த்தம். தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் எடுக்குறியா?"

"தெரிஞ்சேதான் எடுக்குறேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயசில் அடி வாங்கினால் இதே முகத்தோடுதான் அவரிடம் ஓடி வருவாள்.

"அப்ப எடுத்துக்க. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத. எனக்குக் கூடப் பொறந்தது யாரும் இல்ல."

வண்டிக்காரரும் அவருமாக மிஷினைத் தூக்கினார்கள். மேளம் முழங்க வந்த அதே வாசல் வழியாக, உருகின தண்ணீர் சொட்டச் சொட்ட அது வெளியே போனது. கையில் காசோடு நின்ற சர்பத் கூட்டம் வழி விட்டது. பவதாரிணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேயாண்டி ராத்திரி போன் செய்தான். மச்சான் என்ற சொல் அன்றோடு போய்விட்டது. "பொட்டப்புள்ள சீரைத் தூக்கிட்டுப் போன மாமன் இந்த மதுரைச் சீமையிலேயே நீ ஒருத்தன்தாண்டா" என்று வைத்துவிட்டான். தங்கப்பாண்டி மிஷினைப் பிரித்து, கருகிய வயரைப் போட்டோ எடுத்து அனுப்பினார். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. புது மிஷின் ஒன்றை ஆள் மூலம் அனுப்பினார். வண்டியிலிருந்து இறக்க விடாமலேயே திருப்பி அனுப்பினார்கள்.

கொஞ்ச நாளில் பேயாண்டியின் அண்ணன் வேறு ஒரு ஐஸ் மிஷினை வாங்கி வந்து, அதே இடத்தில், அதே போர்டில் மாட்டினார். டிரிப் சுவிட்ச் கழற்றிய இடம் கழற்றியபடியே கிடந்தது. டைல்ஸுக்கு அடியில் எர்த் குழி செத்த குழியாகவே கிடந்தது. புது மிஷினில் கசிவு இல்லை. ஆகவே அது ஜம்மென்று ஓடியது, ஒருத்தர் கையும் விறுவிறுக்கவில்லை. ஊருக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இந்த மிஷின் நன்றாக ஓடுகிறது, அப்படியானால் மாமன் கொண்டு வந்ததுதான் ஓட்டை, குட்டு வெளிப்படுமே என்று தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். கணக்கு நேராகிவிட்டது. நடந்த சாவுக்கு ஊரே கூடி அழும், நடக்காத சாவை யார் நம்புவார்கள்?

தங்கப்பாண்டி சும்மா இருக்கவில்லை. தெரிந்த வயர்மேன் ஒருத்தரை அனுப்பிப் பார்த்தார். "அவன் அனுப்புனானா?" என்று வாசலோடு விரட்டினார்கள். கடைசியில் சுபலட்சுமி தனியாகப் போய், எங்களோடு பேச வேண்டாம், அந்தக் குழியை மட்டுமாவது தோண்டிவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உன் புருசன் மிஷினுக்குத்தான் குழி வேணும். எங்க மிஷினுக்கு வேணாம்" என்றான் பேயாண்டி. பங்காளிகள் சிரித்தார்கள். தாமரைச்செல்வி மதினிக்கு ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அன்றைக்குத் தங்கப்பாண்டிக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த மிஷினும் ஒருநாள் பழுதாகட்டும், பட்டால்தான் இதுகளுக்குப் புத்தி வரும் என்று வாய்விட்டே சொன்னார். சொன்ன வேகத்தில் வாயில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னது நிஜம் என்று ஊருக்குத் தெரிய ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில் பவதாரிணி விழுந்து கிடப்பாள். மறுநாளே பாண்டி கோயிலுக்குப் போய், நான் சாகும் வரை பொய்யனாகவே இருக்கணும் சாமி என்று வேண்டிக்கொண்டார். தன் பேர் கெட்டே கிடக்க வேண்டும் என்று வேண்டுகிறவனை அந்தச் சாமி அதற்கு முன்னால் கண்டிருக்காது.

இப்போதும் விளாங்குடிப் பக்கம் வேலை வந்தால், தங்கச்சி வீட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் வண்டியை நிறுத்துவார். போன வாரம் கடைக்காரர் டீயை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த மிஷின் எப்பிடி ஓடுது பாத்தீகளா? உங்களுதுதான் ஓட்டையாம்ல?"

"ஆமாண்ணே. என்னுதுதான் ஓட்ட மிஷினு."

"கூடப் பொறந்தவளுக்கே இப்பிடிப் பண்ணலாமாண்ணே?"

"பண்ணக் கூடாதுதான்" என்றார் தங்கப்பாண்டி.

எதிரே பவதாரிணி வெறுங்காலோடு வந்து, மிஷின் மூடியைத் திறந்து, குனிந்து ஐஸ் அள்ளினாள். அவள் நிமிர்ந்து மூடியைச் சாத்தி, அந்த இடத்தை விட்டு நகரும் வரை அவர் டீயில் வாய் வைக்கவில்லை.